நட்சத்திரம் பிறக்கும்போது இறப்பவள் யார்?

புகழை விரும்பாத மனிதர் மிகச் சிலரே. கல்வியாற் புகழ்பெற விரும்புவோர் உளர். கொடையாற் பெற விரும்புவோர் உளர். ஆடலாலும் பாடலாலும் நடிப்பாலும் பெற விரும்புவோரும் உளர். இவ்விருப்பம் தன்னளவில் இழிந்ததன்று. நற்செயலின் பின்னே புகழ் நிழல்போலத் தொடர்ந்து வருமாயின் அது போற்றத்தக்கதே. ஆனால், செயலை மறந்து நிழலை மட்டும் துரத்திச் செல்பவரின் கதி யாதாகும்? அந்த நிழலைக் காட்டி விலை பேசும் வணிகர் வாயிலிலே காத்து நின்றால் அவர் நிலை யாதாகும்? இவ்வினாக்களை எழுப்பும் ஓர் அமெரிக்கப் பயங்கரப் படத்தைப் பற்றியும், அதற்குப் பின்னால் நிற்கும் மெய்யான வரலாற்றைப் பற்றியும் இங்கே சிறிது ஆராய்வோம்.

அப்படத்தின் பெயர் 'ஸ்டாரி ஐஸ்'. நட்சத்திரக் கனவு நிறைந்த கண்கள் என அதற்குப் பொருள் கொள்ளலாம். கெவின் கோல்ஷ், டெனிஸ் விட்மையர் என்னும் இருவர் இணைந்து எழுதி நெறிப்படுத்திய இப்படம், 2014ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரில் நிகழ்ந்த 'சவுத் பை சவுத்வெஸ்ட்' விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. கதாநாயகியாக நடித்தவர் அலெக்ஸ் எஸ்ஸோ. பெருஞ் செலவில் எடுக்கப்பட்ட படமன்று இது. எனினும், பேய்ப்படம் என்றால் இருளில் ஓர் உருவம் தோன்றி மறைவதே என்று எண்ணுவோர் இதனைக் கண்டால் தம் கருத்தை மாற்றிக்கொள்வர்.

சாராவின் கதை

சாரா வாக்கர் என்பவள் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வாழும் இளம்பெண். நடிகையாதல் வேண்டும் என்பதே அவளுடைய ஒரே கனவு. அவள் அறையின் சுவரிலே பழைய நடிகைகளின் படங்கள் அலங்கரிக்கின்றன. வயிற்றுப்பாட்டுக்காக அவள் ஓர் உணவுச்சாலையிற் பணிபுரிகிறாள். அங்கே பணிப்பெண்களின் சீருடை, வருவோரின் பசியைக் காட்டிலும் அவர்தம் கண்களைக் கருத்திற் கொண்டு தைக்கப்பட்டதாய் இருக்கிறது. அவளுடைய நண்பர்களும் அவளைப் போலவே வாய்ப்புக்குக் காத்திருப்பவர்கள். அவர்களிடையே அன்பும் உண்டு. உள்ளூரப் பொறாமையும் உண்டு.

ஒரு நாள் 'அஸ்திரேயஸ்' என்னும் படக் கம்பெனி, தான் எடுக்கவிருக்கும் படமொன்றின் நடிகையர் தேர்வுக்கு அவளை அழைக்கிறது. அஸ்திரேயஸ் என்பது கிரேக்க புராணத்தில் விண்மீன்களின் தந்தையெனப்படும் தெய்வத்தின் பெயர். எடுக்கவிருக்கும் படத்தின் பெயரோ 'சில்வர் ஸ்கிரீம்'. வெள்ளித்திரையை ஆங்கிலத்தில் 'சில்வர் ஸ்கிரீன்' என்பர். ஈற்றெழுத்து ஒன்று மாறத் திரை அலறலாகிவிடுகிறது. நெறியாளர்கள் தம் கதையின் கருத்தை இப்பெயர்களிலேயே ஒளித்து வைத்துவிட்டனர்.

முதல் நாள் தேர்வில் சாரா தன்னால் இயன்றவாறு நடித்துக் காட்டுகிறாள். தேர்வாளர் முகத்தில் யாதொரு சலனமும் இல்லை. வெளியே வந்தவள் குளியலறையுட் புகுந்து, தன் தலைமயிரைத் தானே பிடுங்கியெறிந்து அலறுகிறாள். தோல்வி நேரும்போதெல்லாம் தன்னைத் தானே தண்டிப்பது அவளது இரகசிய வழக்கம். தேர்வு செய்யும் அம்மையார் இதனை அறிந்துகொள்கிறார். ஆறுதல் கூறுவார் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அவரோ அவளை மீண்டும் உள்ளே அழைத்து, சற்று முன் செய்ததை எம் முன்னே செய்து காட்டு என்கிறார். அவளும் செய்து காட்டுகிறாள்.

இரண்டாம் தேர்வில் இருண்ட அறையொன்றில் ஆடை களைந்து ஒளிவெள்ளத்தில் நிற்குமாறு பணிக்கப்படுகிறாள். அதற்கும் இணங்குகிறாள். மூன்றாவதாகத் தயாரிப்பாளரைத் தனியே சந்திக்க நேருகிறது. அம்முதியவர் மனிதரின் பேராசையைப் பற்றி இனிமையாகப் பேசியவாறே தம் கருத்தைப் புலப்படுத்துகிறார். அஞ்சி அங்கிருந்து வெளியேறிவிடுகிறாள் சாரா.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். ஆனால், அவள் வெறுத்து விலகிய உணவுச்சாலைக்கே மீண்டும் சென்று அதே சீருடையை அணிய வேண்டியதாகிறது. பழைய வாழ்க்கை இப்போது முன்னிலும் பன்மடங்கு கசக்கிறது. இறுதியில் எவரும் வற்புறுத்தாமலே அவள் தானாகத் திரும்பிச் செல்கிறாள். பேரம் முடிகிறது.

அதன் பின்னரே நாம் வழக்கமாகப் பயங்கரம் என்று சொல்வது தொடங்குகிறது. அவள் உடல் உயிரோடிருக்கையிலேயே அழுகத் தொடங்குகிறது. மயிர் உதிர்கிறது, நகம் கழல்கிறது. நண்பர்களை அவள் தன் கையாலேயே கொல்கிறாள். தயாரிப்பாளரும் அவரைச் சூழ்ந்தவரும் ஓர் இரகசிய வழிபாட்டுக் கூட்டத்தார் என்பது வெளிப்படுகிறது. அவர்கள் அவளை மண்ணிற் புதைக்கின்றனர். மயிரற்ற தலையும் மாசற்ற மேனியுமாக அவள் மண்ணிலிருந்து எழுகிறாள். ஒரு பெட்டியில் அவளுக்குப் பரிசு வந்திருக்கிறது: அழகிய ஆடையும் பொய்ம்மயிர் முடியும். அவற்றை அணிந்து கண்ணாடியின் முன்னே நிற்கிறாள். அவள் விரும்பிய அழகு வந்துவிட்டது. விரும்பியவள்தான் அங்கில்லை.

பேரம் பேசும் பழங்கதைகள்

ஆசைக்காகத் தன்னை விற்கும் கதை புதியதன்று. ஜேர்மானிய நாட்டுப் பௌஸ்ட் என்னும் அறிஞன், அறிவுக்கும் இன்பத்துக்கும் விலையாகத் தன் ஆன்மாவைப் பிசாசுக்கு விற்றான் என்பது பழங்கதை. ஆங்கில நாடகாசிரியர் மார்லோ அதனை நாடகமாக்கினார். ஜேர்மானிய மகாகவி கேதே பெருங் காவிய நாடகமாக்கி, அதன் முதற் பகுதியை 1808இல் வெளியிட்டார். 1968இல் ரோமன் பொலான்ஸ்கி நெறிப்படுத்திய 'ரோஸ்மேரிஸ் பேபி' என்னும் படமும் இவ்வழியில் வந்ததே. அதில் வாய்ப்புக் கிட்டாத நடிகனொருவன் தன் மனைவியின் கருப்பையையே பிசாசின் அடியாருக்கு விலையாகக் கொடுக்கிறான். அவன் விற்றது பிறர் உடலை. சாரா விற்றது தன் உடலை.

கோயில்களிலே கந்தபுராண படனம் கேட்டு வளர்ந்த நமக்குச் சூரபன்மனின் வேள்வி நினைவுக்கு வருதல் இயல்பே. அவனும் தன் ஊனை அரிந்து தீயிலிட்டே பெருவரம் பெற்றான். பெற்ற வரத்தாற் செருக்குற்று அழிந்தான். ஆயினும் ஒரு வேற்றுமை இங்கே கருதத்தக்கது. அவன் இட்ட ஊனால் வரமளித்த இறைவனுக்கு ஆவதொன்றில்லை. சாராவின் வேதனையோ வரமளிப்பவருக்கு ஊதியமாகிறது. அவள் அழிவதில் அவர்களுக்கு இலாபம் உண்டு. புராணத்தையும் இந்தப் படத்தையும் பிரிக்கும் எல்லை இதுவே எனலாம்.

ஸ்டூடியோக்கள் செய்த மாற்றம்

இது வெறுங் கற்பனையன்றோ என்று சிலர் கேட்கலாம். பிசாசுக் கூட்டம் கற்பனையே. ஆனால் பழைய உருவத்தைப் புதைத்துப் புதிய உருவை எழுப்புதல் ஹொலிவுட்டில் நெடுங்காலம் நடந்த தொழில்முறையாகும். 'எ ஸ்டார் இஸ் போர்ன்', அதாவது 'ஒரு நட்சத்திரம் பிறக்கிறது' என்னும் பெயரில் 1937, 1954, 1976, 2018 ஆகிய ஆண்டுகளில் நான்கு படங்கள் வெளிவந்துள்ளன. நட்சத்திரம் பிறக்கும்போது இறப்பவள் யார் என்று எவரும் பெரிதாகக் கேட்கவில்லை.

1925இல் எம்.ஜி.எம். கம்பெனியார் லூசில் லெசூர் என்னும் நடன மங்கையை நடிகையாக்கினர். அவள் பெயர் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. சினிமாப் பத்திரிகையொன்றில் வாசகருக்குப் போட்டி வைத்துப் புதுப்பெயர் தேடினர். ஜோன் குரோபோட் என்னும் புகழ்பெற்ற பெயர் இவ்வாறு பிறந்தது.

ரீட்டா ஹேவர்த்தின் கதை இன்னும் வியப்பானது. ஸ்பானிய நடனக் கலைஞர் ஒருவரின் மகளாக 1918இல் நியூயோர்க்கிற் பிறந்த அவரது இயற்பெயர் மார்கரிட்டா கான்சினோ. அப்பெயரும் அவர் தோற்றமும் அந்நியமாகத் தோன்றுகின்றன என்று படமுதலாளிகள் கருதினர். அவரது கருங்கூந்தலுக்குச் சாயமேற்றினர். நெற்றியை அகலமாக்கும்பொருட்டு, மயிர்க்கால்களை மின்சாரத்தாற் பொசுக்கி மயிர்வரம்பைப் பின்னே தள்ளினர். வேதனை மிக்க சிகிச்சை அது. தாயின் குடும்பப் பெயரைச் சிறிது மாற்றிச் சூட்டினர். உலகம் மயங்கிய செங்கூந்தல் அழகி பிறந்தாள். சாராவின் மயிர் உதிர்தலையும் பொய்ம்மயிர் முடியையும் கண்டு அருவருப்பவர், இவ்வரலாற்றையும் சேர்த்து நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

ஜூடி கார்லண்ட் 1935இல், தமது 13ஆவது வயதில் எம்.ஜி.எம். கம்பெனியில் ஒப்பந்தமானார். பிரான்சஸ் கம் என்பது அவர் இயற்பெயர். உடல் மெலிய மாத்திரை. நெடுநேரம் விழித்து நடிக்க மாத்திரை. உறங்க வேறு மாத்திரை. சிறுமிப் பருவத்திற் பழகிய இவ்வழக்கம் அவரை இறுதிவரை விட்டகலவில்லை. 1969இல் லண்டனில், அளவுக்கு மிஞ்சிய தூக்க மருந்தால், 47ஆவது வயதில் அவர் காலமானார். மேலே கூறிய நான்கு படங்களுள் 1954இல் வெளிவந்ததன் கதாநாயகி இவரேயாவார்.

வாயில் காப்போர்

'ஸ்டாரி ஐஸ்' வெளிவந்து மூன்று ஆண்டுகள் கழிந்தபின், 2017 ஒக்டோபர் 5ஆம் திகதி, 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகை ஒரு நீண்ட செய்தியை வெளியிட்டது. ஹார்வி வைன்ஸ்டீன் என்னும் பெருந் தயாரிப்பாளர் நடிகைகளிடமும் தம் ஊழியப் பெண்களிடமும் பல்லாண்டுகளாகத் தகாத முறையில் நடந்துவந்தார் என்பதே அச்செய்தி. அதைத் தொடர்ந்து பற்பல பெண்கள் வாய் திறந்தனர். 2020இல் நியூயோர்க் நீதிமன்றம் அவரைப் பாலியற் குற்றவாளியெனக் கண்டது. அத்தீர்ப்பு 2024இல் மேல்நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. 2025இல் நடந்த மறுவிசாரணையில் ஒரு குற்றத்துக்கு அவர் மீண்டும் குற்றவாளியானார். 2022இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றமும் அவரைக் குற்றவாளியென முடிவு செய்தது.

இச்செய்திகளை வாசித்தபின் அப்படத்தை மீண்டும் எண்ணிப் பார்ப்போர்க்கு ஒன்று தெளிவாகும். அதில் மிகக் கொடிய காட்சி இரத்தம் சிந்தும் காட்சியன்று. நற்குலத்தார்போல் உடையணிந்த இருவர் மேசையின் பின்னே அமர்ந்து, மென்மையான குரலிலே ஓர் இளம்பெண்ணின் துயரை மீண்டும் செய்து காட்டுமாறு கேட்கும் காட்சியே கொடியது. அங்கே மந்திரமில்லை, மாயமில்லை, பலவந்தமுமில்லை. அவள் 'ஆம்' என்கிறாள். வேறு வழியெல்லாம் அடைத்துவிட்டுப் பெறும் 'ஆம்' சம்மதமாகுமா என்பதே படம் நம் முன்வைக்கும் வினா.

இந்த வினா இன்னும் ஓயவில்லை. 2022இல் டி வெஸ்ட் நெறிப்படுத்திய 'பேர்ள்' என்னும் படத்தில், 1918ஆம் ஆண்டின் டெக்சாஸ் பண்ணைப் பெண் ஒருத்தி தாரகையாகும் வெறியாற் கொலைகாரியாகிறாள். மியா கோத் அப்பாத்திரத்தில் நடித்தார். 2024இல் பிரெஞ்சுப் பெண் நெறியாளர் கொராலி பார்ஜா எடுத்த 'த சப்ஸ்டன்ஸ்' என்னும் படத்தில், வயது முதிர்ந்ததனால் ஒதுக்கப்பட்ட தாரகையொருத்தி மருந்தொன்றால் இளைய உருவம் ஒன்றைத் தன்னிலிருந்தே பிறப்பித்து அழிகிறாள். டெமி மூர் நடித்த இப்படம் கான் விழாவிற் சிறந்த திரைக்கதைக்குரிய பரிசைப் பெற்றது.

மறுத்து நின்ற ஒருவர்

இவற்றையெல்லாம் வாசிக்கும் மாணவியர், நடிப்பை விரும்புதலே ஆபத்து என்று முடிவுகட்டிவிடலாகாது. பெருவிருப்பும் தன்மானமும் ஒருங்கே வாழலாம் என்பதற்குச் சான்றாக ஒலிவியா டி ஹவிலண்ட் என்னும் நடிகை விளங்கினார். 1939இல் வெளிவந்த 'கோன் வித் த விண்ட்' படத்தில் மெலனியாக நடித்தவர் அவரே.

'வோர்னர் பிறதர்ஸ்' கம்பெனியுடன் அவர் ஏழாண்டு ஒப்பந்தம் செய்திருந்தார். தமக்கு ஒவ்வாத பாத்திரங்களை மறுத்தபோது கம்பெனி அவரை வேலையினின்று தற்காலிகமாக நிறுத்தியது. அவ்வாறு நிறுத்திய காலத்தையெல்லாம் ஒப்பந்தக் காலத்தோடு கூட்டிக்கொண்டது. அக்காலத்தில் எல்லாக் கம்பெனிகளும் கைக்கொண்ட முறை இது. இக்கணக்கின்படி ஏழாண்டு என்பது எப்போது முடியும் என்று எவராலும் கூற இயலாது. ஒலிவியா 1943இல் வழக்குத் தொடர்ந்தார். வழக்கு நடந்த காலத்தில் வேறெந்தக் கம்பெனியும் அவருக்கு வேலை கொடாதவாறு வோர்னர் தடுத்தார். நடிகையின் வாழ்விற் பொன்போன்ற இளமைக் காலத்தில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவர் கமராவின் முன் நிற்கவில்லை. 1944 டிசம்பரில் கலிபோர்னிய மேன்முறையீட்டு நீதிமன்றம், ஏழாண்டு என்பது நாட்காட்டியின்படி ஏழாண்டே என்று தீர்த்தது. அத்தீர்ப்பு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அதன் பின்னர் 1946, 1949 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த படங்களுக்காகச் சிறந்த நடிகைக்குரிய ஒஸ்கார் பரிசை இருமுறை பெற்ற அவர், 2020இல் தமது 104ஆவது வயதிற் பாரிஸ் நகரிற் காலமானார்.

சாராவுக்கும் அதே ஆசைதான். ஒலிவியாவுக்கும் அதே ஆசைதான். தயாரிப்பாளரின் அறையிலிருந்து வெளியேறிய சாரா திரும்பிச் சென்றாள். ஒலிவியா திரும்பிச் செல்லவில்லை. ஆயினும் நேர்மையாகச் சொல்வதாயின், ஒலிவியா அப்போதே பேர்பெற்றவர். வழக்கறிஞரை அமர்த்தும் வசதி உடையவர். உணவுச்சாலைப் பெண்ணுக்கு அவ்வசதி ஏது? ஆகவே சாராவை மட்டும் பழிப்பது எளிது, நீதியன்று.

குறையும் நிறையும்

இப்படத்திற் குறைகளும் உள. பிற்பகுதியிற் கொலைகள் மிதமிஞ்சிக் காட்டப்படுகின்றன. முற்பகுதியில் நுட்பமாக வளர்ந்த அச்சம் இரத்தப் பெருக்கில் கரைந்துவிடுகிறது. சிறுவர்க்கும் இளம் மாணவர்க்கும் ஏற்ற படமன்று இது. வளர்ந்தவருள்ளும் மென்மையான மனமுடையோர் தவிர்ப்பது நலம். கதையை அறிந்து அதன் கருத்தைச் சிந்தித்தலே பலருக்குப் போதுமானது.

நிறையுள் ஒன்றைக் குறிப்பிடாமல் விடுவதற்கில்லை. சாராவின் நண்பர்களுள் டானி என்பவன் சொந்தமாகவே ஒரு சிறு படம் எடுக்கத் திட்டமிடுகிறான். அதில் அவளுக்கும் இடமளிக்க விரும்புகிறான். அவளோ அதனைச் சிறிதென இகழ்கிறாள். 'ஸ்டாரி ஐஸ்' படமே, இணையத்தில் பொதுமக்களிடம் சிறுசிறு தொகையாக நிதி திரட்டும் 'கிக்ஸ்டார்ட்டர்' முறையின் துணையோடு எடுக்கப்பட்டது. சாரா இகழ்ந்த சிறுவழியிலேதான் அவள் கதை உலகை வந்தடைந்தது. அதை எடுத்த இருவரும் 2019இல் 'பெட் செமட்டரி' என்னும் பெரிய படத்தை நெறிப்படுத்தும் நிலைக்கு உயர்ந்தனர்.

பெற்றோர் கவனத்துக்கு இன்னொன்று. படம் முழுவதிலும் சாராவின் தாயோ தந்தையோ திரையில் தோன்றுவதில்லை. முதற் தேர்வின் பின் அவள் தலையில் மயிர் பறிக்கப்பட்ட இடத்தைக் கண்டு, இது எப்படி நேர்ந்தது என்று கேட்க எவருமில்லை. நம் வீட்டுப் பிள்ளை நடிக்க வேண்டும் என்றோ பாட வேண்டும் என்றோ சொல்லும்போது, கூடாது என்று அதட்டிக் கதவடைப்பவர் பலர். அடைத்த கதவைத் திறந்து வெளியேறும் பிள்ளை, பின்னர் இடர் நேர்ந்தாலும் அக்கதவுக்குத் திரும்பத் தயங்கும். அதைவிட அருகிலிருத்தி, யார் அழைத்தார்கள், என்ன எழுதிக் கையொப்பமிடச் சொன்னார்கள், அறையில் வேறு யார் இருந்தார்கள் என்று பொறுமையாய்க் கேட்டறிவது மேல். ஒப்பந்தத்தை வரிவரியாகச் சேர்ந்து வாசித்துப் பார்ப்பது அதனினும் மேல்.

மாணவர்க்குக் கூறுவதும் அதுவே. ஆசைப்படுங்கள், உழையுங்கள், மேடை ஏறுங்கள். ஆனால், எவரேனும் உங்கள் திறமையைப் பாராமல் உங்கள் வேதனையைக் காட்டச் சொன்னால், அந்த அறையைவிட்டு வெளியே வந்து வீட்டுக்குச் சொல்லுங்கள். வேலை போனாற் போகட்டும். வேறு வேலை தேடிக்கொள்ளலாம்.